என் பெயரில் இருந்த கடை

இங்கிலாந்தில் என் விசாவை நீட்டிக்க எங்கள் வருமானம் போதாது என்று முதலில் சொன்னவர் ஒரு பெண் வக்கீல். கைபேசித் திரையில் அவர் முகம் கனிவாகத்தான் இருந்தது. என் கணவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அவருடைய மனைவி என்ற முறையில்தான் எனக்கு விசா. அது முடிய ஒரு வருடத்துக்குச் சற்று மேல் இருந்தது. நீட்டிக்க வேண்டுமானால், வீட்டின் வருட வருமானம் அரசாங்கம் சொல்லும் தொகைக்குக் குறையாமல் இருப்பதைக் காட்ட வேண்டும். முதல் தடவை அவர் சம்பளம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு, காருக்கு இருக்கை தைக்கும் அவருடைய தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்து, வாரம் மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு மதியம் மட்டும் போய்வந்தேன். இரண்டு வயது மகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒரு பவுண்டு குறைந்தாலும் குறைவுதான் என்றார் வக்கீல்.

"வேறு ஏதாவது வருமானம் உண்டா? உங்கள் பெயரில் வீடு, கடை இருந்து வாடகை வந்தால் அதையும் சேர்க்கலாம். இந்தியாவில் இருந்தாலும் சரி."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

தேனிப் பக்கம் கம்பம் ஊரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு கடை என் பெயரில் இருக்கிறது. அப்பா கட்டியது. என் கல்யாணப் பேச்சு நடந்தபோது, நகையை அதிகம் போடுவதற்குப் பதில் கடையைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பத்திர ஆபீசில் என் பெயருக்கு எழுதிவைத்தார். எழுதிவைத்தாரே தவிர, வாடகை எப்போதும்போல வீட்டுக்குத்தான் வந்தது. நானும் கேட்டதில்லை. விமானம் ஏறுகிற அன்று, "வாடகைய நீங்களே வச்சுக்கங்கப்பா" என்று வாய்விட்டே சொல்லியிருந்தேன். அப்பா இறந்த பிறகு அது தம்பி கைக்கு வந்தது. அவனுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல். மழையில் பழம் வெடித்துப்போகிற வருடங்களில் கடை வாடகையில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பூச்சிமருந்துக் கடை பாக்கி எல்லாம் அதிலிருந்துதான்.

வக்கீல் விவரமாகச் சொன்னார். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருக்க வேண்டும். ஒரு வருடம் மாதாமாதம் வாடகை என் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். கையில் வாங்கியதெல்லாம் கணக்கில் சேராது. கடைசியாக ஒன்று சொன்னார். "அது உண்மையிலேயே உங்கள் வருமானமாக இருக்க வேண்டும். வேறொருவருடைய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போய்வருவதாக இருக்கக் கூடாது."

"தம்பிகிட்ட போன்லயே சொல்லிரலாமே" என்றார் கணவர் அன்று மாலை.

போனில் சொல்லக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை. கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு வந்து கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை நேரில் முகத்தைப் பார்த்துச் சொன்னாலாவது வேறு அர்த்தம் வருமா என்று பார்க்கலாம் என நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லி, மகளை அவரிடம் விட்டுவிட்டு மதுரைக்கு வந்து இறங்கினேன். வாரத்தில் பாதி நாள் அவர் வீட்டில் இருந்ததில் அது ஒன்றுதான் சௌகரியம். அவருக்கு வேலை உள்ள நாட்களுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தோம்.

கம்பத்து வீட்டில் அம்மா என்னைக் கண்டதும் என் பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள். பெட்டியின் அளவை வைத்து நான் எத்தனை நாளைக்கு வந்திருக்கிறேன் என்று அவள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"ஏந்தாயி, பிள்ளைய விட்டுட்டு ஒத்தையில வந்திருக்க. மாப்பிள்ளையோட எதுவும் சண்டையா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒரு வேலையா வந்தேன்."

"என்ன வேலை?"

"பேங்க் வேலை."

அம்மா நம்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள், அவள் மாத்திரை போடுகிற இடைவெளிகளில் எல்லாம் என்னை நாலு தரம் கேட்டுவிட்டாள். எனக்கோ ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பின்கட்டில் துணி துவைக்கிற கல் வரைக்கும் போவேன், அங்கிருந்து வாசல் கேட் வரைக்கும் வருவேன். கேட்டில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்ப்பேன். வாழைத்தார் ஏற்றிய வண்டி போகும். திரும்பவும் பின்கட்டுக்குப் போவேன். தம்பி மனைவி அரிசி களைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"கால் வலிக்கலையா மதினி?"

"பிளேன்ல ஒக்காந்தே வந்தேன்ல. நடந்தா நல்லாருக்கு."

அவளும் நம்பவில்லை. ஆனால் அவள் திரும்பக் கேட்கிறவள் இல்லை.

மறுநாள் காலை தம்பி தோட்டத்துக்குக் கிளம்பும்போது நானும் அவன் வண்டியில் ஏறிக்கொண்டேன். பந்தலில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கொடிகளை வெட்ட, வெட்டிய குச்சிகள் எங்கள் மேலேயே விழுந்தன. தம்பியும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். அவன் பின்னாலேயே நடந்துகொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வேலை குறைந்தது, என் விசா முடியப்போவது, வருமானம் கொஞ்சம் குறைவது, கடை வாடகை என் கணக்குக்கு வந்தால் அது சரியாகிவிடும் என்பது. ஒரு வருடத்துக்கு வர வேண்டும் என்பதையும் சொன்னேன். பாதியில் நிறுத்திவிடுவேனோ என்று பயந்து வேகமாகச் சொன்னேன்.

அவன் கத்தரியை நிறுத்தவில்லை. நான் முடித்ததும், "சரிக்கா" என்றான்.

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில் ஏறுது. வீட்டுக்குப் போ. அந்தா வர்றான் பாரு பால்காரன், அவன் வண்டியில போயிரு" என்றான்.

'சரி' என்று சொல்லிவிட்டானே என்று பால்கேன்களுக்கு முன்னால் ஒண்டி உட்கார்ந்துகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அது சம்மதம் இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒன்று பிடிக்கவில்லையென்றால் 'மாட்டேன்' என்று சொல்லவே மாட்டான். 'சரி' என்பான். அப்புறம் அந்தக் காரியம் நடக்காது.

அடுத்த நான்கைந்து நாட்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பி காலையில் போனால் இருட்டித்தான் வந்தான். முன்பெல்லாம் நான் வந்தால் என் தட்டுக்குப் பக்கத்தில் அவன் தட்டையும் போட்டுக்கொள்வான். இப்போது எனக்கு முன்பாகவே சாப்பிட்டு எழுந்துவிடுகிறான். மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேல்தான் இங்கிலாந்தில் விடியும். அதுவரைக்கும் கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பேன். மகள் திரையில் வந்து, நான் வாங்கிவைத்துவிட்டு வந்த பிஸ்கட் தீர்ந்துபோனதைச் சொல்வாள். அவள் போன பிறகு கணவரிடம் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவேன்.

"தம்பி என்ன சொல்றான்?"

"சரின்னு சொல்லிருக்கான்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒன்னுமில்ல."

"நீ ஒன்னு செய். வாடகை உன் கணக்குக்கு வரட்டும். வந்தவுடனே அப்படியே அவனுக்குத் திருப்பி அனுப்பிரு. அவனுக்கும் நஷ்டமில்ல, நமக்கும் காகிதம் கிடைச்சிரும். யார் பார்க்கப்போறா?"

வக்கீல் சொன்ன கடைசி வாக்கியம் அவருக்கும்தான் கேட்டிருக்கும். அதை நான் ஞாபகப்படுத்தினேன். "அம்மாவுக்கு மகள் பணம் அனுப்புறது தப்பா?" என்று கேட்டார். தப்பில்லை. என் வருமானத்திலிருந்து நான் அம்மாவுக்கு அனுப்பலாம். தம்பியின் பணத்தை என் பணம் என்று காட்டத்தான் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டே மறுபடி பின்கட்டுக்கும் கேட்டுக்கும் நடந்தேன்.

சும்மா இருக்க முடியாமல் தேனிக்கு பஸ் ஏறி வங்கிக்குப் போனேன். நான் வெளிநாட்டில் இருப்பதால் என் பழைய கணக்கை வேறு வகைக் கணக்காக மாற்ற வேண்டும் என்றார்கள். கையெழுத்து, புகைப்படம், பாஸ்போர்ட் நகல் என்று ஒன்று கொடுத்தால் இன்னொன்று கேட்டார்கள். மூன்று தடவை போய்வந்தேன். சின்னமனூர் தாண்டி பஸ் நிற்கும்போதெல்லாம், இறங்கி நடந்தே போய்விடலாமா என்றிருக்கும். வேலை ஆகிறது என்ற எண்ணம் அந்த பஸ்ஸில் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாம் தேதி காலையில் கடைக்காரர் வந்தார். அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஜீப்புக்கான ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவர். மலை மேல் தோட்ட வேலைக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்காரர்களெல்லாம் அவரிடம்தான் வருவார்கள். குமுளிக்காரர்கள் போன் செய்தால் மலையாளத்திலேயே விலை பேசுவார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்பத்தா வந்த? மாப்பிள்ளை வரலையா?"

"லீவு இல்லண்ணே."

காபி குடித்தார். பிறகு எப்போதும்போலச் சட்டைப் பைக்குள்ளிருந்து வாடகையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பி என்னைப் பார்க்கவில்லை. வாங்கி எண்ணினான். சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கடைக்காரர் போய்விட்டார்.

"தம்பி."

"சொல்லுக்கா."

"தோட்டத்துல வச்சு நான் சொன்னது..."

"ஞாபகம் இருக்குக்கா." அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். "நீ கேக்குறது தப்புன்னு நான் சொல்லல. ஒன் பேர்லதான் இருக்கு. அப்பா எழுதுனது. எனக்கு எப்படிக் குடுக்குறதுன்னுதான் தெரியல. இந்தப் பணம் இந்நேரத்துக்குச் செலவாகிப்போச்சு. ஸ்கூல் வேன்காரன் நாளைக்கு வருவான். மருந்து வாங்கணும். போன தடவ பழத்துல எடுத்தது மருந்தடிச்ச கடனுக்கே காணல."

"தெரியும்டா."

"ஒனக்குத் தெரியும். இந்தா, ஒன்னு செய்வமா? அவரு ஒன் கணக்குல போடட்டும். நீ மறுநாளே அனுப்பிவிட்டுரு."

கணவர் சொன்ன அதே வழி. ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது. 'சரி' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். தம்பி மறுபடி என் பக்கத்தில் தட்டைப் போடுவான். எனக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

"அப்படிச் செய்யக் கூடாதுடா. அது என் வருமானமாவே இருக்கணும்னு வக்கீல் சொல்லிருக்காக. நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். பொய்யின்னு கண்டுபிடிச்சா விசா போயிரும். பிள்ள அங்க, நான் இங்கன்னு ஆயிரும்."

"அப்ப இனிமே அது ஒனக்கு. இந்த வீட்டுக்கு இல்ல. அப்படித்தான?"

என்னிடம் அதைவிட மென்மையான பதில் இல்லை. "ஆமா" என்றேன். "அம்மா செலவுக்கு நான் மாசம் ஒரு தொக அனுப்புறேன். அது என் கடமை. ஆனா வாடகை பூராவையும் திருப்ப முடியாது."

அவன் சற்று நேரம் கட்டில் கயிற்றை நெருடிக்கொண்டிருந்தான். "இன்னைக்கு வாடகை. நாளைக்குக் கடைய விக்கணும்னு சொல்லுவாக" என்றான். யார் சொல்லுவாக என்று நான் கேட்கவில்லை. எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குள் ஊரிலும் பேச்சு வந்துவிட்டது. நான் பத்திரத்தின் நகல் எடுக்கப் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மாவு மில்லில் ஒரு பெண் அம்மாவிடம், "மக கடைய விக்க வந்திருக்காகளாமே" என்று கேட்டிருக்கிறாள். அம்மா மாவுச் சட்டியை இறக்கி வைத்த கையோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விசா, வருமானம், வக்கீல். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை.

"புருசனோட இருக்குறதுக்கு எதுக்குத்தா சம்பளம் காட்டணும்?"

"அந்த ஊர்ல அப்படித்தாம்மா."

"நல்ல ஊரு" என்றாள். பிறகு, "கடைய ஒனக்கு எழுதுனது ஒங்கப்பா. அதுல நான் வாய் வைக்க மாட்டேன். ஆனா அவன் மொகத்தையும் பாரு தாயி. மூனு நாளா அவன் சரியாத் திங்கல" என்றாள். நானும் சரியாகச் சாப்பிடவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மதினி, நீங்க வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டு இருக்கீக. வாங்க, லோயர் கேம்ப் வரைக்கும் போயிட்டு வருவம். ஆத்துல தண்ணி நல்லாப் போகுதாம்."

அவள் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சண்டை போடப்போகிறாள் என்றே நினைத்தேன். போடட்டும் என்று கிளம்பினேன். கம்பத்தில் பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கூடலூர் வந்ததும் சட்டென்று எழுந்தாள்.

"எறங்குங்க மதினி. இங்கன ஒரு வேலை இருக்கு."

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு ரத்தப் பரிசோதனை லேப் முன்னால் நின்றாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அப்போதுதான் அவள் நல்ல புடவை கட்டியிருப்பதைக் கவனித்தேன். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தேனியில் லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தவள். எனக்கு அது தெரியும். ஆனால் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவளோடு படித்த தோழி ஒருத்திதான் இந்த லேபைப் பார்த்துக்கொள்கிறாளாம். ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க தம்பிகிட்ட கேட்டா விடமாட்டாக. நீங்க கூட வந்தீகன்னா, மதினியோட லோயர் கேம்ப் போனேன்னு சொல்லிக்கலாம்ல."

அவள் உள்ளே போனாள். நான் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்தேன். எதிரே இருந்த பழக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தேன். அரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அடுத்த மாசத்துலருந்து வரச் சொல்லிட்டா. காலையில வெள்ளனா வரணும். வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வருவாகல்ல."

"தம்பி?"

"நாலு வருசமாக் கேக்குறேன் மதினி. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். 'கடை வாடகை வருதுல்ல, நீ எதுக்கு வேலைக்குப் போகணும்'னு சொல்லுவாக. இப்ப அந்த வாடகை இல்லைல."

"அப்ப ஒனக்கு எம்மேல கோவம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் நின்று யோசித்தாள். "கோவம்தான்" என்றாள். "அடுத்த மாசம் வேன்காரனுக்கு என்ன சொல்றதுன்னு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. நீங்க அங்கன கஷ்டப்படுறீகன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? போன்ல பாத்தா நல்லாத்தான இருக்கீக. அந்தக் கோவம் இருக்கு. இது வேற."

லோயர் கேம்ப்புக்கும் போனோம். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது என்று அவளே கூட்டிப்போனாள். பாலத்துக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் போவதைப் பார்த்தோம். மலை மேலிருந்து ராட்சதக் குழாய்களில் மின் நிலையத்துக்கு இறங்கி, மின்சாரம் எடுத்து முடித்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. அவள் பொரிகடலை வாங்கி எனக்கும் கொடுத்தாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நான் ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டில் அவள் அன்று இரவே தம்பியிடம் சொல்லிவிட்டாள். அறைக்குள் குரல்கள் உயர்ந்தன. 'மதினி' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. காலையில் தம்பி என்னிடம், "அவளையும் கெளப்பிவிட்டுட்ட" என்றான். நான் கிளப்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். பழி என் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிக் கடைக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. அதுதான் சுலபம் என்று நினைத்திருந்தேன். புது ஒப்பந்தம், மாதாமாதம் வங்கியில் போடுவது என்று சொன்னதற்கு அவர் தலையைச் சொறிந்தார். கம்பத்தில் அவருக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் இரண்டு பேரும் போனோம். ஆடிட்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வாடகை கொடுப்பவரே அதில் வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும், கணக்கும் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, எனக்கு எதுக்கு இந்த வம்பு? நான் பிரேக் ஷூ விக்கிறவன். ஒங்கப்பாகிட்ட கையில குடுத்தேன், ஒந்தம்பிகிட்ட கையில குடுத்தேன். இம்புட்டு வருசமா ஒரு சீட்டு எழுதுனதில்ல. இது ஒத்துவராதுன்னா நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

அவர் காலி செய்துவிட்டால் கடைக்கு அடுத்த ஆள் வர எத்தனை மாதமோ. வாடகை இல்லாத மாதங்கள் என் கணக்கில் ஓட்டையாக விழும். நான் அவரைக் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். ஆடிட்டர் செலவை நான் தருகிறேன் என்றேன். அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் தம்பி வந்து நின்றான். யார் அவனுக்குச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறான். சட்டையில் மருந்து வாடை.

"அண்ணே, ஒக்காருங்க" என்றான் கடைக்காரரிடம். "கடை அக்கா பேர்லதான் இருக்கு. அவுக சொல்றபடி செஞ்சு குடுங்க. பேங்க்ல போடுறது, வரி கட்டுறது எல்லாத்தையும் நான் மாசாமாசம் வந்து ஒங்களுக்குப் பாத்துத் தர்றேன். கடைய மட்டும் காலி பண்ணாதீக."

கடைக்காரர் உட்கார்ந்தார். அவர் தம்பியின் பேச்சைத் தட்ட மாட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் 'அவுக' என்ற அந்த ஒரு சொல் காதில் நின்றுவிட்டது. தம்பி என்னை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. 'அக்கா சொன்னா', 'அக்கா வந்துருக்கா' என்றுதான் சொல்வான். முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினான். வெளியே வந்ததும், "ரொம்ப நன்றிடா" என்றேன். அதுவும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாத சொல். "இருக்கட்டும், வண்டியில ஏறுங்க" என்றான்.

ஒப்பந்தம் எழுதி, பதிவு செய்து, வங்கிக் கணக்கும் மாறி முடிந்த மறுநாள் நான் கிளம்பினேன். தம்பி மதுரை வரைக்கும் கார் பிடித்து வந்து வழியனுப்பினான். வழியெல்லாம் திராட்சை விலையைப் பற்றி டிரைவரிடம் பேசிக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு ஒரு வருடம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியை ஒட்டி நான் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது கையுறையைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பேன். ஒரு மாதம் வாடகை வரவில்லை. மழையில் மலைப்பாதை அடைபட்டு ஜீப்புகள் ஓடாததால் கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை. தம்பிக்குப் போன் செய்யக் கூச்சமாக இருந்தது. அவன் மனைவியிடம் கேட்கலாமா என்று எடுத்துவிட்டு வைத்தேன். அந்த மாதம் பூராவும் நான் மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்து வந்தது. அது செல்லுமா என்று வக்கீலிடம் கேட்டு, செல்லும் என்று அவர் சொன்ன பிறகுதான் அன்று சாப்பிட்டேன்.

அம்மாவுக்கு மாதம் ஒரு தொகை அனுப்பினேன். அது எங்கள் சம்பளத்திலிருந்து போனது. தம்பி மனைவி காலையில் வெள்ளென எழுந்து கூடலூருக்குப் போய்வந்தாள். வேன்காரனுக்கு அவள் சம்பளத்திலிருந்துதான் கொடுப்பதாக எனக்குக் குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் லேபில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். முதல் ஆறு மாதம் தம்பி அவளைக் கூடலூரில் கொண்டுபோய் விட்டதில்லை. பஸ்ஸில்தான் போனாள். பிறகு ஒரு மழை நாளில் வண்டியில் கொண்டுபோய் விட்டானாம். அதற்கப்புறம் தினமும் விடுகிறான்.

வாடகையும் சேர்ந்து வருமானம் தேவையான தொகையை எட்டியது. விண்ணப்பம் போட்டோம். அதற்குப் பிறகும் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விசா நீட்டிக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. கணவர் தொழிற்சாலையில் இருந்தார். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கி, தெருவின் கோடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கால் நிற்கவில்லை. மறுபடியும் ஒரு சுற்று நடந்தேன். 'எங்கம்மா போறோம்?' என்று மகள் கேட்டாள்.

அன்றைக்கே ஊருக்குப் போன் செய்தேன். தம்பிதான் எடுத்தான்.

"கெடைச்சிருச்சாக்கா? ரொம்ப நல்லது. நல்லாருக்கீகளா எல்லாரும்?"

"நல்லாருக்கோம்டா." நான் பல நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இவருக்கு அடுத்த மாசத்துலருந்து முழு நாளும் வேலை குடுக்குறதா சொல்லிருக்காக. அப்படிக் குடுத்துட்டா எனக்கு அந்த வாடகை அவசியமில்ல. நீ பழையபடி வாங்கிக்கடா."

அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுவது கேட்டது.

"வேணாம்க்கா" என்றான். "இப்ப எங்களுக்கு ஓடுது. அது ஒங்க கடை. நீங்களே வச்சுக்கங்க."

கோபத்தில் சொல்கிறானா, உண்மையிலேயே தேவையில்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். நான் மேலே ஏதாவது சொல்வதற்குள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டான்.

"கெடைச்சிருச்சாமே தாயி. இனி எப்பக் கேப்பாக?"

"ரெண்டரை வருசம் கழிச்சும்மா."

"அப்பவும் சம்பளம் காட்டணுமா?"

"ஆமாம்மா."

அம்மா பக்கத்தில் இருந்த யாரிடமோ அதைத் திரும்பச் சொன்னாள். "அப்பவும் காட்டணுமாம்." பிறகு என்னிடம், "சரி, பிள்ளைட்ட குடு. அது பேசுறதக் கேட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

மகள் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.